மிஸ்டர் க்ரட்சரைத் தேடி வந்தவன்

ஓமாஹாவில், இருபத்துநான்காம் தெருவில்,
என் செருப்புக் கடைக்கு மேல்மாடியில்
பத்தொன்பது வருஷம் குடியிருந்தாள் அர்வில்லா க்ரட்சர்.
வாடகை பிந்தும்.
சாக்ஸபோன் பிந்தாது.

காலை ஆறரைக்கு ஒரே ஒரு சுரம்,
அதை நிறுத்தவே மாட்டாள்.
ஆணிகளைப் பல்லில் கவ்வியபடி
நானும் மூச்சடக்கிப் பார்ப்பேன்.
எப்போதும் நான்தான் முதலில் விடுவேன்.

மாலையில் பாடம். முக்கால் டாலர்.
இறைச்சிக்கூடத்து ஆட்கள், சவப்பெட்டி விற்பவர் ஒருவர்,
ரயிலில் படுக்கை விரிக்கும் ஓரன் டீஸ்லி.
முதல் மாதம் யாரும் வாத்தியத்தைத் தொடக்கூடாது.
மெழுகுவத்தியை ஏற்றிவைத்து
"சுடரைச் சாய்க்க வேண்டும், அணைக்கக் கூடாது" என்பாள்.
சவப்பெட்டிக்காரர் இருபது வத்தி தீர்த்தார்.

லூதர் பிக்கெட்டுக்கு வலக்கை மோதிரவிரல் கிடையாது.
வெட்டுக்கத்தி கொண்டுபோனது.
இவள் கீழே வந்து பித்தளைத் தகடு கேட்டாள்,
ஈயம் கேட்டாள், பிறகு என்னையும் கேட்டாள்.
விடியும்வரை ஒரு சாவியை நீட்டினோம்
சுண்டுவிரலுக்கு எட்டும்படி.
மறுநாள் மாடியில் அறுபடும் மாட்டின் கதறல்.
தரையைக் குதிகாலால் இடித்து எனக்குக் கத்தினாள்:
"அதுதான் டி!"

கூடாரக் காட்சிகள், ஆற்றுப் படகுகள்,
சம்பளம் தராமல் ஓடிய முதலாளிகள்,
எதையும் சொன்னவளில்லை.
பக்கவாட்டில் நசுங்கிய பழைய ஷூ ஒன்றைத்
தைக்கக் கொடுத்தபோதுதான் வாய் திறந்தாள்.

"இருபத்துநாலாம் வருஷம். சிகாகோ.
பதிவறைச் சுவரில் பெரிய புனல்.
என் சத்தம் அதில் அடங்கவில்லையாம்.
தள்ளிப் போ, இன்னும் தள்ளிப் போ என்று
வெளி நடைக்கே அனுப்பிவிட்டார்கள்.
கதவு சாத்திக்கொள்ளாமல் காலைக் கொடுத்தேன்.
என் ஜாஸ் அந்தத் தட்டுக்குள் போனது
இந்த ஷூ அகலத்தில்தான்."

ஐம்பத்தொன்றில் ஒருவன் வந்தான்,
பாஸ்டன்காரன், கழுத்துப்பட்டி, கையில் அதே தட்டு.
அதில் அச்சிட்டிருந்தது: ஏ. க்ரட்சர்.
"மிஸ்டர் க்ரட்சர் உயிரோடு இருக்கிறாரா?"
விரலை மேலே காட்டினேன்.
அவள் சிரிப்பு கேட்குமென்று சுத்தியலை நிறுத்திக் காத்திருந்தேன்.
கேட்டது ஊதும் சத்தம்தான்.
உஃப். உஃப். உஃப்.

கழுத்துப்பட்டியில் மெழுகு சொட்ட இறங்கி வந்தான்.
"முக்கால் டாலர் வாங்கிக்கொண்டார்கள்" என்றான்.
"அவரைப் பற்றிக் கேட்டாயா?"
"கேட்க வாய் திறந்தாலே அணைந்துவிடுகிறது."
ரயிலுக்கு நேரமாயிற்றென்று ஓடினான்.
தட்டு என் மேசையில்.

கடையைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன்.
முன்னால் டிரம்பெட், பான்ஜோ, ஏதோ தடபுடல்.
வெகு பின்னால், அடுத்த தெருவிலிருந்து போல,
அந்தச் சுரம்.
மூச்சடக்கினேன்.
இந்த முறை அதுதான் முதலில் விட்டது.
தட்டு மூன்று நிமிஷம்தானே.

மேலே குதிகால் இடித்தது. ஒரே ஒரு முறை.
அந்த மாதமும் வாடகை தரவில்லை அவள்.