தகரக் கூரை

ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு
மேலப்பாளையத்திலிருந்து மைதீன் பிச்சை அனுப்பிய படம்:
கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷன்,
எண்பத்தேழில் ஒரு பங்கு.

ஆற்று மணலை டீ வடிகட்டியில் சலித்து
ஜல்லி போட்டிருக்கிறார்.
கைகாட்டிக்கு ஈர்க்குச்சி.
ரெண்டாம் பிளாட்பாரத்தில்
டிக்கெட் எடுக்காத ஓர் எறும்பு.

“கைகாட்டி சாயுது வே”
என்றார் ஆவுடையப்பன், சேரன்மகாதேவியிலிருந்து.
“தண்ணித்தொட்டி எப்போ?” என்றான் ஜெபசிங்.

நான் படத்தைப் பெரிதாக்கினேன்.
கூட்ஸ் ஷெட்டின் தகரக் கூரை
மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள்.
மடிப்பில் நீல எழுத்து,
பாதிப் பெயர்தான்.
மீதி எனக்குத் தெரியும்.
ஐகிரவுண்டில் எனக்கும் அதைத்தான் எழுதினார்கள்.

“கூரை நல்லா வந்திருக்கு.”
அதுக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

விடிந்ததும் என் கூட்ஸ் வண்டியைப் படமெடுத்தேன்,
மூன்றாம் பெட்டியின் கூரையில்
அதே நீலம்
வெளியே தெரிகிற மாதிரி
திருப்பி ஒட்டி.