முள் நிற்கும் வரை

ஓஸ்லோவிலிருந்து மகள் அனுப்பிய பெட்டிக்குள்
கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று.
வெறுங்காலோடுதான் ஏறவேண்டுமாம்.
கொழுப்பு இவ்வளவு, நீர் இவ்வளவு,
எலும்பு தனியே இவ்வளவு என்று
இறைச்சிக் கடைக்காரி போலக் கூறுபோட்டுச் சொல்கிறது.
நம்மிடம் சொல்வதோடு விடுவதில்லை.
கைபேசிக்குச் சொல்கிறது,
கைபேசி ஓஸ்லோவுக்குச் சொல்கிறது.

பழையது பச்சை இரும்பு, ரப்பர் உரிந்தது.
ஏறினால் முள் ஓடும், தாண்டும், திரும்பி வரும்,
சொல்லலாமா வேண்டாமா என்று நடுங்கி
ஒருவழியாக நிற்கும்.
அதற்குள் துண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டால்
ஒன்றரை கிலோ தள்ளுபடி.
பக்கவாட்டில் ஒரு குட்டிச் சக்கரம்,
பூஜ்யத்தைச் சரிசெய்ய.
அதை ரிம்விதாஸ் பின்னால் தள்ளிவைப்பதாக நானும்
நான்தான் தள்ளுவதாக அவரும்
முப்பத்தோரு வருஷம் சண்டை போட்டோம்.
கிளைப்பேடா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
கயிறு முறுகும் சத்தத்திலேயே
பெட்டிக்குள் இருப்பது
காகிதத்தில் எழுதிய கனம்தானா என்று சொல்லிவிடுவார்.
குளியலறையில் மட்டும்
தொண்ணூற்று மூன்று அவருக்கு எண்பத்தொன்பது.

புதியது யாரென்று கேட்காது.
கனத்தை வைத்தே ஆளைக் கண்டுகொள்ளும்.
காலை வணக்கம், ரிம்விதாஸ்.
காலை வணக்கம், கெனோவைதே.
நீல எழுத்து, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்.
பழையதைப் பால்கனியில்
உருளைக்கிழங்கு மூட்டைக்கு அணையாக வைத்தோம்.
பாசம் ஒன்றுமில்லை.
பழைய இரும்பு எடுக்க வண்டி வருவது வியாழன்.
அந்த வியாழன் மழை.

அக்டோபரில் அவருக்கு வெண்ணெய் நாறியது.
பிறகு ரொட்டியும்.
நவம்பரில் மருத்துவமனை அதற்கொரு பெயர் வைத்தது.
அவளுக்குப் பிரசவம் ஆகட்டும், அப்புறம் சொல்லலாம் என்றார்.
சரி என்றேன்.
எண்பத்தாறு. எண்பத்திரண்டு.
பலகை அவருக்குப் பதக்கம் கொடுத்தது,
திரை முழுக்கக் காகிதப் பூக்கள்.
அப்பா அசத்துகிறார், என்று ஓஸ்லோவிலிருந்து
கைதட்டும் கைகள் ஆறு வந்தன.
கழுவாத கிண்ணத்தைப் பிடித்தபடி
நான் அவற்றை எண்ணினேன்.

ஜனவரியில் ஒரு நாள் ஏறினார்.
காலை வணக்கம், கெனோவைதே என்றது.
இறங்கினார். மறுபடி ஏறினார்.
கெனோவைதேதான்.
சிரித்தார் மனிதர்,
சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
"இத்தனை வருஷம் உன்னோடு இருந்தேனே,
இப்போதுதான் உன் எடைக்கு வந்திருக்கிறேன்."

நீங்கள்தானா என்று கேட்டு
ஆம், இல்லை என இரண்டு பொத்தான் காட்டியது.
இரண்டையும் அமுக்கவில்லை.
பன்னிரண்டு நாள் அவர் என் பெயரில் ஏறினார்.

பதின்மூன்றாம் நாள் மகள் கூப்பிட்டாள்.
"அப்பா ஏன் ஏறுவதே இல்லை?
நீ ஏன் அம்மா தினமும் இரண்டு தடவை ஏறுகிறாய்,
ஏழு நிமிஷ இடைவெளியில்?"
கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.
கெட்டிலை எடுத்தேன்.
அங்கே பனி வாருகிற சத்தம் கேட்டது,
யாரோ தெருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.
"எத்தனை நாளாய்?" என்றாள் ஸ்கைஸ்தே.
அக்டோபர் என்றேன்.

அன்று மாலை பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.
மூட்டையை நகர்த்தி, பச்சை இரும்பைத் துடைத்து
பழைய இடத்தில் வைத்தேன்.
ஒட்டியிருந்த மண் குளியலறைத் தரையில் வட்டமிட்டது.

இப்போது நான்தான் முதலில் எழுகிறேன்.
விளக்குப் போடாமல் குனிந்து
சக்கரத்தைக் கட்டைவிரலால்
முன்னால் ஒரு பல் தள்ளுகிறேன்.
சில நாள் இரண்டு பல்.
அவர் வருகிறார், ஏறுகிறார்,
துண்டுக் கம்பியைத் தொடுவதில்லை.
முள் ஓடி, தாண்டி, திரும்பி, நடுங்கி...
"அரை கிலோ ஏறியிருக்கு, பார்" என்கிறார்.

பார்க்கிறேன்.
அவர் சக்கரத்தின் பக்கம் திரும்புவதேயில்லை,
கயிற்றின் சத்தத்தில் டன்னைச் சொன்னவர்.