திராட்சை எப்போது வேலைக்குத் திரும்பியது

மே மாத வேலூர். மூன்றாம் மாடிக் கூட்ட அறை.
ஏசி ஓடியும் வியர்க்கிறது கம்பெனிக்காரருக்கு.
திரையில் நான்கு இரும்புக் கைகள்
ஒரு திராட்சையின் தோலை உரித்து
மறுபடி தைக்கின்றன.
எல்லோரும் கைதட்டினோம், நானும்தான்.
பிறகு கேட்டேன்:
திராட்சை எப்போது வேலைக்குத் திரும்பியது?

சிரித்தார்கள்.
சிரிப்பதற்காக நான் கேட்கவில்லை.

காலையில் வந்திருந்தார் பேர்ணாம்பட்டு முனீர் பாஷா,
தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவர்.
வலப்பக்கம் குடலிறக்கம், கோழிமுட்டை அளவு.
"தொளை போட்டாலும் கிழிச்சாலும்
உள்ள வெக்கிற வலை ஒண்ணுதானே மேடம்?"
ஒன்றுதான்.
"அப்ப இன்னாத்துக்கு ரெண்டு லட்சம் வித்தியாசம்?"
மேசை விரிப்பில் கட்டைவிரலை ஓட்டிக் காட்டினார்.
"உரிக்கிறவன் கத்தி தவறுனா தோலு பாதி வெலை.
மெஷின் வந்து தவறு கொறஞ்சிச்சி, நெசம்.
மெஷின் கடன் மட்டும்
எங்க கூலியில கழிஞ்சிச்சி."

கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கலாம்.
ஆனால் என் கோப்பில் இன்னொரு தாளும் இருந்தது:
பத்தொன்பது வருடம் முன்பு, துளை வழி அறுவைக்கு எதிராக
பச்சை மையில் என் கையெழுத்து.
"ஆடம்பரம். நம் நோயாளிகளுக்குத் தேவையில்லை."
அந்த வருடம்தான்
குடியாத்தம் லோகாம்பாளின் பித்தப்பைக்கு
விலாவடியில் ஒரு சாண் கிழித்தேன்.
இரண்டு மாதம் பீடி சுற்ற உட்கார முடியவில்லை அவளால்.
துளை என்றால் பத்து நாள்.
நான் சிக்கனம் என்று பெயர் வைத்ததற்கு
அவள் பணம் கட்டினாள்.
அது எங்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது.

கணக்கர் ஜெபசிங் சொன்னார்:
"வருஷம் முந்நூறு கேஸ் ஓட்டினால் கட்டுப்படியாகும்."
முந்நூறு.
இயந்திரத்துக்குப் பசி எடுக்கும்,
நாங்கள் தெருவெல்லாம் வயிறு தேடுவோம்.

கடைசியில் எழுதியது இவ்வளவுதான்:
இடுப்புக்குழியின் ஆழத்தில்
என் விரல் வளையாத இடத்துக் கட்டிகளுக்கு, வாங்கலாம்.
குடலிறக்கத்துக்கு இல்லை.
ஒவ்வொருவரும் எத்தனையாம் நாள் வேலைக்குப் போனார் என்று
ஒரு வருடம் எண்ணுவோம்.
நான் தவறென்றால் அதையும் பச்சை மையில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை முனீர் பாஷாவுக்கு
மரப்பு ஊசி, நான்கு விரற்கடை வெட்டு.
விழித்தே இருந்தார்.
எத்தனை நாளில் பேர்ணாம்பட்டு பஸ் ஏறலாம் என்றார்.
மூன்று, என்றேன்.
எழுதியும் வைத்தேன்,
சரிதானா என்று பார்க்க.