தொள்ளாயிரம் பந்து எடை

ஃபாயிஸ் நானா கெய்சர் வீதியிலிருந்து
இரண்டு பொட்டலம் அனுப்பியிருந்தார்.
சாம்பல் பல் ஒன்பது. மஞ்சள் பல் ஒன்பது.
ஒரிஜினல் இப்போது வருவதில்லை;
கப்பலில் இடம் மாவுக்கும் மருந்துக்கும்.

எதிரிமான்ன ஐயாவின் சப்பாத்தை
மடியில் கவிழ்த்தேன்.
தேய்ந்த பற்களின் இடுக்கில்
காய்ந்த மண், ஒரு புல்விதை,
நசுங்கிய டொஃபித் தாள்.
இருமுனைச் சாவியைக் குத்தி
இடப்பக்கம் திருகினால் முதலில் அசையாது.
பிறகொரு முனகல்.
பிறகு வரும், பால்பல் மாதிரி.

இடது காலுக்குச் சாம்பல், வலது காலுக்கு மஞ்சள்.
கால்கள் என்னுடையவை.
சப்பாத்து ஒன்பது, நான் ஏழு;
மிச்ச இடத்தில்
நேற்றைய மரண அறிவித்தல்களைக் கசக்கித் திணித்தேன்.

"உன்ன வச்சு டெஸ்ட் பண்ணி என்ன பிரயோசனம் லோகு,
நீ ஐம்பத்துநாலு கிலோ, அவர் தொண்ணூற்றாறு"
என்றார் மெனேஜர்.
கணக்குப் போட்டது நான்தான்.
பந்தொன்று நாற்பத்தாறு கிராம்.
தொள்ளாயிரம் பந்து, ஒரு யூரியாச் சாக்கு.
முதுகில் ஏற்றியதும்
ஏறக்குறைய
நான் எதிரிமான்ன ஐயா.

இரவு முழுக்கப் பொரளையில் மழை.
சீமெந்துப் பாதையில் இடது கால் ஒரு சத்தம்,
வலது கால் வேறு சத்தம்,
ஒத்துவராத இரண்டு பேர்
சேர்ந்து நடப்பதைப் போல.
புல்லுக்கு இறங்கியதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

தண்டவாளத்தை ஒட்டிய சரிவு.
ஏறும்போது இரண்டும் பிடித்தன.
ஏற்றத்தில் யாரும் நல்லவர்தான்.

இறங்கினேன்.
அவிசாவளையிலிருந்து வரும் காலை ரயில்
கதவெல்லாம் ஆட்கள் தொங்க
அந்த நேரம் பார்த்தா வரவேண்டும்?
மஞ்சள் கால் தன் பாட்டில் போனது.
சாம்பல் கால் நின்றது.
நடுவில் நான் கிழிந்தேன், சாக்கும் கிழிந்தது.
தொள்ளாயிரம் வெள்ளைப் பந்து
சரிவெல்லாம் துள்ளிக்கொண்டு ரயிலை வரவேற்கப் போனது.
"சிக்ஸர்!" என்று எவனோ கத்தினான்.
பெட்டி முழுக்கச் சிரிப்பு.
வேலைக்குப் போகிற முகங்கள்
அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.
விழுந்த இடத்திலிருந்தே கையைக் காட்டினேன்,
கழக உறுப்பினர் காட்டுவதைப் போல,
பாதிக் கை.

மதியம் வரை பொறுக்கினேன்.
எண்ணூற்று எழுபத்தொன்று.
மிச்சம் இருபத்தொன்பது
கானுக்குத்தான் வெளிச்சம்.

அறிக்கை எழுதினேன்.
சாம்பல்: பிடிக்கிறது, புல்லைக் கிழிக்கவில்லை.
மஞ்சள்: ஈரச் சரிவில் வழுக்குகிறது.
ஒரு பல் காணாமற் போயிற்று.
சோதித்தவருக்கு முழங்கையில் சிராய்ப்பு.
மெனேஜர் கடைசி வரியை மட்டும் வெட்டினார்.
மஞ்சளில் நானூறு ஓர்டர் போனது.
பல்லுக்கு நாற்பது ரூபா மலிவாம்.

ஞாயிற்றுக்கிழமை ஐயா வந்தார்,
இரண்டு காலிலும் மஞ்சள்.
சரிவின் அடியில் போய் நின்றுகொண்டேன்,
விழுந்தால் பிடிக்கலாம் என்று,
தொண்ணூற்றாறு கிலோவை எப்படிப் பிடிப்பது
என்று யோசிக்காமல்.

அவர் வண்டியில் இருந்தார்.
வண்டி சரிவைச் சுற்றி
சீமெந்துப் பாதையால் போனது.
சமதரையில் இறங்கி, காலை இரண்டு தரம் ஊன்றிப் பார்த்து,
"நல்ல பிடிமானம்" என்றார் என்னிடம்.
"ஓம் சேர்."

அவர் அடித்த பந்து கானுக்குள் போனது.
முழங்கால் வரை இறங்கித் துழாவினேன்.
கையில் அகப்பட்டது அவருடையது இல்லை,
பயிற்சிப் பந்து, பாசி பிடித்திருந்தது.
துடைத்துப் பையில் போட்டேன்.

இருபத்தெட்டு.