போயிருக்கிறாள்

ஐஸ் கம்பெனி இரவுப் பணி.
காசிமேட்டு லாரிகள் வரும்வரை
எடைமேடை மேசையில் கிரேக்க இலக்கணம்;
பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கியது,
முதல் நாற்பது பக்கம் இல்லை.

லூஓ என்றால் அவிழ்க்கிறேன்.
எலூசா: அவிழ்த்தேன், அவ்வளவுதான்.
கயிறு என்ன ஆனதென்று அந்தச் சொல்லுக்குக் கவலையில்லை.
லெலுகா வேறு.
முதல் எழுத்தை இரண்டுமுறை சொல்லித்
திக்கித் தொடங்குகிறது:
அவிழ்த்தேன், இன்னும் அவிழ்ந்தே கிடக்கிறது.

நம்மிடமும் உண்டு.
அவர்கள் முன்னால் இரட்டிப்பதற்கு
நாம் பின்னால் ஒட்டுகிறோம் ஓர் 'இரு'.
வந்திருக்கிறான். எழுதியிருக்கிறது.
இரண்டுக்கும் இரு, தங்குவதற்கும் இரு.

"எங்க ஃபிலோமி? ஆளையே காணோம்"
பால் பூத்தில் பிரிசில்லா கேட்டாள்.
"எண்ணூருக்கு, தங்கச்சி வூட்டுக்குப் போயிருக்கா."
இலக்கணப்படி பொய்யில்லை.
பீரோவில் அவள் தட்டு
ஏழு மாதமாகப் போயே இருக்கிறது.

கிரேக்கன் பெபேகே என்றால்
போனவள் போனவள்தான்.
தமிழில்தான்
போயிருக்கா என்றதும்
"எப்ப வருவா?" என்கிறார்கள்.

மூன்றரைக்கு முதல் லாரி.
எடை போட்டேன், சீட்டு கிழித்தேன்,
சட்டைப்பையெல்லாம் ஐஸ் தண்ணீர்.

அன்று வாசலில் செருப்பு மாட்டியவளிடம்
அந்தத் துணைவினையைக் கழற்றி
ஏவலாக, தனியாக, ஒருமுறை
சொல்லியிருக்கலாம்.
கேட்டது இவ்வளவுதான்:
பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா?