பூச்சி மருந்து

நாய் அவனுக்கு, புழுக்கள் எனக்கு என்று
எந்தத் தாளிலும் எழுதவில்லை.
துவாரகாவில் அவன் பிடித்த வீட்டுக்கு
பால்கனி இல்லை, அவ்வளவுதான்.

மயூர் விஹார், மூன்றாம் மாடி.
மோட்டார் செத்த கூலரின் தொட்டிக்குள்
தென்னைநார், கிழித்த அட்டைப்பெட்டி,
மீரட்டிலிருந்து ஈரச் சாக்கில் வந்த
ஒரு கிலோ செம்புழு.
ஒரு கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று
கூரியர்காரன் கேட்டான்.
நின்றால்தானே எண்ணுவதற்கு.

நாயின் பெயர் மூளி.
வெள்ளையாக இருக்கிறதென்று
தேவேந்திர நேகி வைத்த பெயர்:
அவன் மொழியில் முள்ளங்கி.
எனக்கோ அது காதறுந்த மூளி.
இடது காதை ஏதோ தெருச்சண்டையில்
விட்டுவிட்டுத்தான் எங்களிடம் வந்தது.
லகரத்துக்கும் ளகரத்துக்கும் நடுவே
ஏழு வருடம் வாலாட்டியது.

ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் வருவான்.
முன்னால் நாய் நிற்கும்.
ஹேண்டிலில் டப்பா ஆடும்.
டப்பாவில் ஆறு நாள் பீ,
நாளுக்கொரு பொட்டலமாக, இந்திப் பேப்பரில்.
மடிப்பில் ஒரு பிசிறு இருக்காது.
சட்டையையும் அப்படித்தான் மடிப்பான்.
"டீ?"
"வேண்டாம், வெயில் ஏறிவிடும்."
டிசம்பரிலும் அதே பதில்.

பொட்டலம் பிரித்துக் கொட்டி
மேலே நார் தூவி மூடிவிட்டால்
நாற்றம் ஒரு நாள்தான்.
ஜூனில் ஐஸ் பாட்டிலைப் புதைத்து வைப்பேன்.
ஜனவரியில் தொட்டிக்கு ரஜாய்,
இரண்டு பேருக்குப் போதவில்லை என்று
நாங்கள் இழுத்துச் சண்டை போட்ட அதே ரஜாய்.

எதிர்வீட்டு சபர்வால் அம்மாள்
வெந்தயக்கீரைக்கு ஒரு பிடி உரம் கேட்டார்.
தின்கிற செடிக்கு ஆகாது, பூக்கிறதுக்கு மட்டும் என்றேன்.
மண்ணில்கூடவா கஞ்சத்தனம் என்பதுபோல் பார்த்தார்.
அவர் தூங்கிய பிறகு இறங்கிப் போய்
பூங்காவின் சரக்கொன்றைக்குப் போட்டேன்,
எதையோ திருடி வைக்கிறவள் மாதிரி.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை
மூடியைத் திறந்தால்
உள்பக்கமெல்லாம் புழு.
ஏறித் தப்பிக்கப் பார்த்தவை
விளிம்பிலேயே காய்ந்திருந்தன.
கிளறினேன். வெளிறிய நூல்.
இன்னும் ஆழமாகக் கிளறினேன். நூல்.

பிரிந்த பிறகு நானாகச் செய்த முதல் போன்.
"மூளிக்கு என்ன கொடுத்தாய்?"
"பூச்சி மருந்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பதுதானே."
"எப்போது?"
"போன வாரம்."
"சொல்லவில்லையே."

சொல்லவில்லையே.
வேலையை விட்டபோது,
பௌரியில் இருந்த நிலத்தை விற்றபோது,
அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வந்து நின்றபோது,
இந்தச் சொல்லால்தான் தட்டுகள் பறந்தன.
இன்று குரல் ஏறவில்லை.

நாயின் வயிற்றுப் புழுவுக்கு வைத்த நஞ்சு
யமுனை தாண்டி என் தொட்டிப் புழுவரை வந்திருக்கிறது,
ஒழுங்காக மடித்த பொட்டலத்தில்.
யாரைத் திட்டுவது?
மாத்திரையை நான் கொடுத்துவந்த காலத்தில்
இரண்டு வாரம் பீயைத் தனியே ஒதுக்கிவிடுவேன்.
அந்த இரண்டு வாரத்தை
நானும் அவனிடம் சொன்னதில்லை.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை
அவன் வாசிக்கத் தொடங்கினான்.
பெயர், மில்லிகிராம், தயாரித்த ஊர்,
குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.
கேட்காததையெல்லாம் வாசித்தான்.
பின்னணியில் மூளி தண்ணீர் நக்கும் சத்தம்.
எழுதிக்கொள்கிறேன் என்றேன்.
கையில் பேனா இல்லை.

ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில்
டீஸ்பூனால் அலசினேன்.
கடுகைவிடச் சற்றே பெரிதாக
எலுமிச்சை வடிவில் முட்டைக்கூடுகள்.
பதினொன்று.
உள்ளே ஏதாவது மிச்சமா, தெரியாது.
ஊறுகாய் பாட்டிலில் புது நார் நனைத்துப் போட்டு வைத்தேன்.

ஞாயிறு வந்தான். ஹேண்டிலில் டப்பா இல்லை.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வாசலில் நின்றான்.
மூளி நேராக பால்கனிக்குப் போய்
காலித் தொட்டியை மோந்து
இரண்டு முறை தும்மியது.
"தண்ணீர் வைக்கட்டுமா?" என்றேன்,
பொதுவாக.