உரிமைக்கோரல் ஒன்று

ரூவியில் மூன்றாம் மாடி.
கீழே கொத்துப் பரோட்டாச் சத்தம்
நான் வைக்கும் அரைப்புள்ளிகளுக்குத்
தாளம் போடுகிறது.

பதினோரு வருஷம் பம்பு பார்த்தவள்.
பேரிங் முனகுவதைக் கேட்டே
இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன்.
இப்போது வாக்கியங்களுக்குக் காது கொடுக்கிறேன்.
எந்தச் சொல் தேயும், எது கசியும்,
எதிராளி எந்த இடுக்கில் விரல் நுழைப்பான்.

சட்டத்தில் ஓர் ஆள் உண்டு:
'அத்துறையில் சராசரித் திறமை உடையவர்.'
பெயர் கிடையாது, ஊர் கிடையாது, விசா கிடையாது.
அச்சான எல்லாவற்றையும் படித்திருப்பார்,
ஆனாலும் புதிதாக ஒன்றும் தோன்றாது.
அவருக்கே தோன்றிவிட்டால் அது கண்டுபிடிப்பு இல்லை.
முதன்முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன்.
அந்த நாற்காலியில் பதினோரு வருஷம்
இருந்தது நான்தானே.

போன வியாழன் ததேயுஸ் வந்தார்.
பர்கா பக்கம் உப்புநீக்கி ஆலையில் ஃபிட்டர்.
கூட வந்த மேலாளர் காரைவிட்டு இறங்காமல்
போனில் இருந்தார்.

விஷயம் இதுதான்.
கோடையில் கடல் கொதிக்கும்போது
சொறி வரும், கூட்டம் கூட்டமாக.
உறிஞ்சு குழாயின் சல்லடையில் அப்பிக்
கஞ்சியாகி அடைக்கும்.
ஆலை நிற்கும்.
லட்ச ரியால் சல்லடைக்காரர்கள் வந்து
பார்த்துப் போனார்கள்.
ததேயுஸ் பழைய கயிற்றைக் குஞ்சம் குஞ்சமாகக் கட்டி
குழாய் வாய்க்கு முன்னால் சாய்வாகத் தொங்கவிட்டார்.
சொறி மோதும், வழுக்கும், மேலே போகும்.
அலை அதை ஓரமாகக் கூட்டிப்போகும்.

அழகாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும்.

எழுதத் தொடங்கினேன்:
'குறைந்தபட்சம் ஒரு நெகிழ் இழைத்தொகுதி,
நீரோட்டத் திசைக்குச் சாய்கோணத்தில்...'
அகலமாக எழுது என்பதுதான் எங்கள் அரிச்சுவடி.
கயிறு என்று எழுதினால் நாளை ஒருவன் நாடா கட்டுவான்.
கடல் என்று எழுதினால் ஒருவன் ஏரிக்குப் போவான்.

'எப்படித் தோன்றியது?'
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது.

'தோணல மேடம். எங்க கடக்கரையில
சொறிக் காலத்துல வலைக்கு முன்னால
இப்படித்தான் கட்டுவாங்க. அப்பா கட்டுவாரு.'

பேனா நின்றது.
மனுஷன் ஒரே மூச்சில்
தன் கண்டுபிடிப்பைத் தானே கொன்றுவிட்டார்.
ஊரறியச் செய்தது புதுமை ஆகாது.
எங்கும் அச்சாகவில்லை, எந்தத் தேடலிலும் வராது.
மூன்று நாள் துழாவியதில்
ஜப்பானியக் காகிதங்களில்கூட இல்லை.
தெரிந்தது அவருக்கு, எனக்கு,
அப்புறம் ஒரு கடற்கரை முழுக்க.

கரக் டீ ஏடு கட்டும்வரை பேசவில்லை.
பிறகு எனக்குள்ளிருந்த பம்புக்காரி கேட்டாள்:
'அங்கே வெறும் வலை. இங்கே பம்பு இழுக்குமே,
கயிறு உள்ளே போகவில்லையா?'

'மொத வாரம் போச்சு மேடம். ரெண்டு தடவ.'
என் பேப்பரைத் தன் பக்கம் இழுத்து வரைந்தார்.
கயிற்றடியில் ஈயக் குண்டு,
அதற்குமேல் பழைய வால்வின் ரப்பர் வளையம்.
இழுப்பு கூடினால் கயிறு தானாகப் படுக்கும்,
குறைந்தால் எழும்.
'இது?'
'இது நாந்தான்.'

எழுதிய அகலத்தை எல்லாம் அடித்தேன்.
ஒரு பக்கம் நான்கு வரியானது.
ஒரு வழியாக உள்ளே வந்த மேலாளர்
'இவ்வளவு சின்னதா?' என்றார்.
சின்னதுதான். கசியாது.

முன்பே அறிந்தவை என்ற தலைப்பில்
அந்தக் கடற்கரைப் பழக்கத்தையும் சேர்த்தேன்.
ஆண்டு கேட்ட கட்டத்தில் ஒரு கோடு.

உரிமையாளர்: நிறுவனம்.
கண்டுபிடித்தவருக்கு ஒரு சான்றிதழ், ஐம்பது ரியால்.
ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு.
அதை நான் எழுதவில்லை.
எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கடைசியாகப் பெயர்.
பாஸ்போர்ட்டில் உள்ளபடி நிரப்ப வேண்டும்.
இங்கே எல்லாப் படிவமும் குடும்பப்பெயர் கேட்கும்.
நம்மிடம் இருப்பது அப்பா.
சூசையடிமை, ததேயுஸ்.
இனி அலுவலகக் கடிதங்கள் எல்லாம்
'திரு. சூசையடிமை' என்றுதான் தொடங்கும்,
அவர்தான் ஏதோ கண்டுபிடித்ததுபோல.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.
'ஸ்பெல்லிங் சரிதான் மேடம்' என்றார்.